அரைக் காசு வரியும் அரங்கக் கடனும்

காசு சிறிது, அரைக் காசு அதனினும் சிறிது. கடைக்காரர் எழுதித் தரும் சீட்டின் அடியில், விலைக்குக் கீழே ஒரு புள்ளிபோல் அது ஒட்டிக்கொண்டிருக்கும். வாங்குகிறவர் அதனைப் பார்ப்பதில்லை, பார்த்தாலும் பதறுவதில்லை. பெரும்பொருள் திரட்ட எண்ணியோர் அந்தச் சிறு புள்ளியை விரும்பி நாடியதற்குக் காரணம் அதுவே. நிலவரி என்றால் நிலக்கிழார் சீறுவார். வருமான வரி என்றால் வணிகவேந்தர் வழக்காடுவார். விற்பனை வரி என்றால், சோப்பு வாங்கும் தாயும் செருப்பு வாங்கும் தொழிலாளியும் செலுத்திவிட்டு நடந்துவிடுவர். ஓசையின்றி வாங்கப்படும் வரியே ஆளவந்தாருக்கு இனிய வரி!

அமெரிக்காவில் அந்த அரைக் காசு நடத்திய வரலாற்றை நாம் இங்கே ஆராயப் புகுகின்றோம். பொதுமக்கள் பெயரால் வாங்கிய கடன், பொதுமக்களுக்கு அளித்தது என்ன, அவர்களிடமிருந்து எடுத்தது என்ன என்று அறிய, அதனினும் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

ஒகையோ மாநிலத்தில், ஒகையோ ஆற்றங்கரையில் சின்சினாட்டி என்றொரு நகரம் உண்டு. அந்நகரைத் தன்னகத்தே கொண்ட மாவட்டம் ஹாமில்டன். பேஸ்பால் ஆடும் ரெட்ஸ், அமெரிக்கக் கால்பந்து ஆடும் பெங்கால்ஸ் என்ற இரு அணிகளும் 1970-இல் திறக்கப்பெற்ற ஒரே பொது அரங்கில் ஆடிவந்தன. கால் நூற்றாண்டு கழிந்தது. அரங்கம் இடியவில்லை, ஆட்டம் தடைப்படவுமில்லை. ஆயினும் அணியுடையோர் ஆளுக்கொரு புது அரங்கம் கேட்டனர். உயர்விலைக் கட்டணம் செலுத்தும் செல்வர்க்கெனத் தனி அறைகள் வேண்டும், அவற்றால் வரும் வருவாய் தமக்கு வேண்டும் என்றனர். கிடைக்காவிடில்? வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்றனர்.

கோலேந்திய மன்னன் பொருள் கேட்பதை, வேலேந்திய கள்வன் வழிமறித்துக் கேட்பதோடு ஒப்பிட்டார் வள்ளுவர். இங்கே கேட்டவர் கையில் கோலுமில்லை, வேலுமில்லை. ‘போய்விடுவோம்’ என்ற ஒரு சொல்தான் இருந்தது. அச்சொல்லே வேலினும் கூரியதாயிற்று!

அதற்கு அண்மைய சான்றும் இருந்தது. அதே ஒகையோவின் கிளீவ்லாந்து நகரில், பிரவுன்ஸ் என்ற அணியை அதன் உரிமையாளர் பால்டிமோர் நகருக்குக் கொண்டுசெல்வதாக 1995 நவம்பர் 6-ஆம் நாள் அறிவித்தார். மறுநாள் அந்த வட்டாரத்து மக்கள், பழைய அரங்கைப் புதுப்பிப்பதற்காக மது, புகையிலை மீதான வரியை நீட்டிக்கப் பெருவாரியாக வாக்களித்தனர். வரிக்கு இசைந்தனர் மக்கள். அணியோ போயே போயிற்று. வரி கொடுத்தால் அணி நிற்கும் என்பது பொய் என்று அந்நிகழ்ச்சி மெய்ப்பித்தது. ஆனால் சின்சினாட்டியார் கற்றது அப்பாடத்தை அன்று. அச்சத்தை மட்டுமே கற்றனர்.

1996 மார்ச் மாதம் ஹாமில்டன் மாவட்டத்தில் வாக்கெடுப்பு நடந்தது. விற்பனை வரியை டாலருக்கு அரைக் காசு உயர்த்துவது, அவ்வருவாயைக் கொண்டு கடன் பத்திரங்களை அடைத்து இரு அரங்கங்கள் எழுப்புவது என்பது திட்டம். எதிர்ப்பாளர் இருந்தனர். செல்வரின் தொழிலுக்கு ஏழையின் பணப்பையா என்று கேட்டனர். அவர்கள் வாயை அடைக்க ஓர் இனிப்பும் சேர்க்கப்பட்டது. வரி வருவாயில் ஒரு பங்கு வீட்டுடைமையாளரின் சொத்து வரியைக் குறைக்கப் பயன்படும் என்று உறுதி கூறினர். நூற்றுக்கு 61 பேர் அளவில் ஆதரித்தனர். வரி வந்தது.

அந்த இனிப்பைச் சற்றே சுவைத்துப் பார்ப்போம். சொந்த வீடு உள்ளவருக்குத் தள்ளுபடி. பெரிய வீடு உள்ளவருக்குப் பெரிய தள்ளுபடி. வாடகைக்கு இருப்பவருக்கு? ஒன்றுமில்லை! ஆனால் அரைக் காசை அவரும் செலுத்தினார். வீடற்றவன் கொடுத்த காசில் வீடுடையவனுக்குச் சலுகை! இதற்குப் பெயர் பொதுநலம்!

“எல்லோருக்கும் ஒரே விகிதந்தானே, இதில் ஏற்றத்தாழ்வு எங்கே?” என்று கேட்போர் உண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 25,000 டாலர் ஈட்டும் குடும்பம், வரிக்குரிய பொருள்களில் 15,000 டாலர் செலவிடுகிறது எனக் கொள்வோம். அரைக் காசு வரி 75 டாலர். 5,00,000 டாலர் ஈட்டும் குடும்பம் 1,00,000 டாலருக்குப் பொருள் வாங்கினால் வரி 500 டாலர். முன்னவர் தம் வருமானத்தில் ஆயிரத்துக்கு மூன்று பங்கு கொடுக்கிறார். பின்னவர் ஆயிரத்துக்கு ஒரு பங்கே கொடுக்கிறார். ஏழை கிடைத்ததையெல்லாம் செலவிட்டே வாழவேண்டியவர். செல்வர் மிச்சம் பிடிப்பவர். மிச்சத்திற்கு விற்பனை வரி இல்லை. சமன்போல் தோன்றும் விகிதத்திற்குள் சாயும் தராசு ஒளிந்திருப்பது இவ்வாறுதான். ஒகையோவில் வீட்டுக்கு வாங்கும் உணவுப்பொருளுக்கு விற்பனை வரி இல்லை என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. ஆனால் சட்டைக்கும் சோப்புக்கும் செருப்புக்கும் அந்த விலக்கு இல்லை.

பின் நடந்தது என்ன? 2000-இல் கால்பந்து அரங்கமும், 2003-இல் பேஸ்பால் அரங்கமும் திறக்கப்பெற்றன. கால்பந்து அரங்குக்கு, அணியை நிறுவிய பால் பிரவுன் பெயரே சூட்டப்பட்டது. அணியின் உரிமையாளர் அவருடைய மகன். அரங்கை எழுப்பிய மக்களின் பெயரோ வரிச்சீட்டில் மட்டும் இருந்தது! 1997-இல் எழுதப்பட்ட குத்தகை ஒப்பந்தம் அதனினும் விந்தை. பராமரிப்பிலும் புதுப்பிப்பிலும் பெரும்பங்கு மாவட்டத்தின் தலைமேல். வருங்காலத்தில் தோன்றக்கூடிய புதுமைக் கருவிகளையும், கண்முன் உருவங்காட்டும் ஒளிப்படக் கருவி உட்பட, மாவட்டமே வாங்கித் தரவேண்டும் என்ற விதியும் அதில் இடம்பெற்றது.

கடன் நிலையானது, தவணை நாள் தவறாது வரும். விற்பனை வரி வருவாயோ மக்கள் கையில் பணம் புரளும்போது ஏறும், வேலை போகும்போது இறங்கும். ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் என்று கணக்கெழுதினர் திட்டக்காரர். 2008-இல் பொருளாதாரச் சரிவு வந்தது. கணக்கு பொய்த்தது. அரங்க நிதியில் ஓட்டை விழுந்தது. வாக்குறுதி தந்த சொத்து வரித் தள்ளுபடி சில ஆண்டுகள் குறைக்கப்பட்டது. 2010-களின் தொடக்கத்தில், மாவட்டத்துக்குச் சொந்தமான டிரேக் மருத்துவமனை விற்கப்பட்டு, அப்பணம் அரங்க நிதியின் பள்ளத்தை நிரப்பச் சென்றது. நெடுநாள் நோயாளரைப் பேணிய மருத்துவமனை! ஆண்டில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் நடக்கும் அரங்கம்! எது போயிற்று, எது நின்றது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டுகிறோம்.

மாவட்ட நிர்வாகம் நீதிமன்றத்தையும் நாடிற்று. அணியும் கால்பந்துக் கூட்டமைப்பும் தம் தனியாதிக்க வலிமையால் இவ்வொப்பந்தத்தைத் திணித்தன என்று வழக்காடியது. காலங்கடந்து தொடுத்த வழக்கு என்று 2007-இல் மேல்முறையீட்டு மன்றம் தள்ளிற்று. கையெழுத்திடுமுன் விழிக்காதவருக்குச் சட்டம் துணை நிற்பதில்லை.

இது ஓரூரின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியுமா? முடியாது. சட்டத்தின் அமைப்பே இதற்கு வழி கோலியது. நகரங்கள் வெளியிடும் கடன் பத்திரங்களின் வட்டிக்குக் கூட்டரசு வருமான வரி இல்லை. எனவே வட்டி குறைவு. தனியார் நலனுக்கு இச்சலுகை பயன்படுவதைத் தடுக்க எண்ணி, 1986-இல் வரிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. தனியார் பயன்படுத்தும் கட்டடத்தின் கடனில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் அக்கட்டடத்தின் வருவாயிலிருந்து அடைக்கப்பட்டால் சலுகை கிட்டாது என்பது அதன் சாரம். இதனால் அரங்கங்கள் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தனர். நடந்ததோ தலைகீழ். சலுகையை இழக்க விரும்பாத நகரங்கள், வாடகையைக் குறைத்து, பொதுவரியை உயர்த்திக் கடனை அடைக்கத் தொடங்கின. பயனடைந்தவரிடம் வாங்காதே, பயனற்றவரிடம் வாங்கு என்று சட்டமே கற்பித்தது போலாயிற்று! இந்தப் பொத்தலை அடைக்க 1996-இல் செனட்டர் மொய்னிகன் மசோதா கொணர்ந்தார்; நிறைவேறவில்லை.

மக்கள் மறுத்த ஊர்களும் உண்டு. 1995 செப்டம்பரில், சியாட்டில் நகரைக் கொண்ட கிங் மாவட்டத்தில், பேஸ்பால் அரங்குக்காக விற்பனை வரியை உயர்த்தும் திட்டம் ஏறத்தாழ ஐந்து இலட்சம் வாக்குகளில் ஆயிரத்துச் சொச்சம் வேறுபாட்டில் தோற்றது. மக்கள் தீர்ப்பு அளித்தாயிற்று. ஆனால் அடுத்த மாதமே மாநிலச் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூடி, உணவகங்கள் மீதும் வாடகை மோட்டார் மீதும் வரி போட்டு அதே அரங்கை எழுப்ப வழி செய்தது. அதே சியாட்டிலில், 1976-இல் திறந்த கிங்டோம் என்ற அரங்கம் 2000 மார்ச் 26-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சில நொடிகளில் கட்டடம் தூளாயிற்று. கடன் தூளாகவில்லை, 2015 வரை பொதுப்பணத்திலிருந்து அடைபட்டுவந்தது. இல்லாத வீட்டுக்குப் பதினைந்து ஆண்டு தவணை!

விஸ்கான்சின் மாநிலத்தில் 1995-இல், மில்வாக்கி அரங்குக்காக ஐந்து மாவட்டங்களில் நூறு டாலருக்குப் பத்துக் காசு விற்பனை வரி விதிக்கும் சட்டம் விடியற்காலை நேரத்தில் நிறைவேறியது. எதிர்ப்பதாகக் கூறியிருந்த ஜார்ஜ் பெட்டாக் என்ற செனட்டர் கடைசி நேரத்தில் மாறி வாக்களித்ததால் அது வென்றது. அவருடைய தொகுதி மக்கள் 1996-இல் அவரைத் திருப்பி அழைத்து வீட்டுக்கு அனுப்பினர். வரியோ 2020 வரை நீடித்தது. மனிதனை நீக்குவது எளிது. வரியை நீக்குவது அரிது.

அண்மைக்கு வருவோம். மிசூரி மாநிலத்தின் ஜாக்சன் மாவட்டம், கான்சாஸ் சிட்டியின் இரு அரங்கங்களுக்காக 2006 முதல் டாலருக்கு எட்டில் மூன்று காசு வரி செலுத்திவந்தது. 2031-இல் முடியவேண்டிய அவ்வரியை அகற்றி, அதே அளவில் புதிதாக நாற்பதாண்டு வரி விதிக்கலாமா என்று 2024 ஏப்ரல் 2-ஆம் நாள் மக்களைக் கேட்டனர். அங்கே உணவுப்பொருளும் உள்ளூர் வரிக்குத் தப்புவதில்லை. அணியினர் பெரும்பொருள் செலவிட்டனர். வாடகைக்குக் குடியிருப்போர் அமைப்பினர் எதிரணியில் முன்நின்றனர். நூற்றுக்கு 58 பேர் ‘வேண்டாம்’ என்றனர். சின்சினாட்டிக்குப் பின் இருபத்தெட்டு ஆண்டுகளில் மக்கள் கற்ற பாடத்தின் அளவு அது. ஆயினும் கன்சாஸ் மாநிலம் 2024-லும், மிசூரி 2025-லும் அணிகளை ஈர்க்கப் பொதுநிதிச் சட்டங்கள் இயற்றிப் போட்டியிட்டன. வாக்குப்பெட்டியில் வென்றவர் சட்டமன்ற வாயிலிலும் விழித்திருக்கவேண்டும் என்பதே இதன் பொருள்.

நாம் விளையாட்டின் பகைவர் அல்லோம். மக்கள் கூடி மகிழும் இடம் வேண்டாமென்பதும் அன்று. ஊருக்கு வருவாய் பெருகும், வேலை பெருகும் என்ற வாதத்தையும் செவிமடுத்தோம். ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட் என்ற பொருளியல் அறிஞர்கள் தொகுத்து 1997-இல் புரூக்கிங்ஸ் கழகம் வெளியிட்ட ஆய்வு, அரங்கங்களால் வட்டாரப் பொருளாதாரம் வளர்ந்ததாகச் சான்று இல்லை என்று காட்டியது. காரணம் எளிது. ஆட்டத்துக்குச் செலவிட்ட டாலர், அதே ஊரின் திரையரங்கிலோ உணவகத்திலோ செலவாகியிருக்க வேண்டிய டாலர். பை மாறியது, பணம் பெருகவில்லை.

வேறு வழியே இல்லையா? இருந்தது. ஒக்லஹோமா நகர மக்கள் 1993 டிசம்பரில் டாலருக்கு ஒரு காசு வரிக்கு இசைந்தனர். கால எல்லை வகுத்தனர். நூலகம், பேஸ்பால் திடல், கால்வாய், உள்ளரங்கம் என்று பணிகளை முன்கூட்டியே பட்டியலிட்டனர். பணத்தைத் திரட்டியே கட்டினர், நெடுங்கடன் வாங்கவில்லை. அதுவும் விற்பனை வரிதான். ஏழைமேல் சாயும் குறை அதற்கும் உண்டு. ஆனால் பேரக்குழந்தையின் தலையில் வட்டியை ஏற்றவில்லை. ஒரு குறையேனும் நீங்கியது.

தமிழகத்தார்க்கு விற்பனை வரி புதிதன்று. 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுசெய்ய, 1939-இல் இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவை சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொணர்ந்தது. கள்வருவாய் போன இடத்தைக் கடைவரி நிரப்பிற்று. வந்த வரி நின்றது, வளர்ந்தது, மாநிலக் கருவூலத்தின் முதுகெலும்பே ஆயிற்று. தற்காலிகத் தேவைக்குப் புகும் வரி நிரந்தர விருந்தாளியாகிவிடும் என்பதற்கு அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை.

ஆகவே, பொதுக் கட்டடத்தின் கடனுக்கென்று வரி கேட்டு யார் வந்தாலும் மக்கள் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு. பயன் யாருக்கு? சுமை யாருக்கு? கடன் முடியும் நாளில் கட்டடம் நிற்குமா? ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் வாக்கெடுப்புக்கு முன்பே மக்கள்முன் வைப்பீரா? விடை நேராக வந்தால் கொடுப்போம். விடைக்குப் பதில் ‘அரைக் காசுதானே’ என்ற ஏளனம் வந்தால், மருத்துவமனையை விற்ற ஹாமில்டன் மாவட்டத்தை நினைத்துக்கொள்வோம். அரைக் காசின் முழு விலை அங்கே எழுதப்பட்டிருக்கிறது.