மூன்று லட்சம் யென்

ஏப்ரல் 2009. ஜப்பானிய அரசு ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. வேலை போய்விட்டதா? ஊருக்குக் கிளம்புங்கள். செலவுக்கு மூன்று லட்சம் யென் தருகிறோம். பெண்டாட்டி, பிள்ளைகளுக்குத் தலைக்கு இரண்டு லட்சம். ஒரே நிபந்தனை. இதே விசாவில் திரும்பி வரக்கூடாது.

தாராள மனசுதான். ஆனால் யாருக்கு? பிரேசில், பெரு போன்ற நாடுகளில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினருக்கு. அதாவது, சொந்தக்காரர்களுக்கு!

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1888ல் பிரேசில் அடிமை முறையை ஒழித்தது. காப்பித் தோட்டங்களில் ஆள் பஞ்சம். ஜப்பானியக் கிராமங்களிலோ வறுமை. 1908ல் கசாட்டோ மாரு என்கிற கப்பல் 781 பேருடன் கோபேயிலிருந்து கிளம்பி பிரேசிலின் சாண்டோஸ் துறைமுகத்தை அடைந்தது. நாலு காசு சேர்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் போனார்கள். பெரும்பாலானவர்களால் முடியவில்லை.

எண்பதுகளின் கடைசியில் காட்சி தலைகீழ். ஜப்பானில் பணம் கொழிக்கிறது. தொழிற்சாலைக்கு ஆளில்லை. அழுக்கு, ஆபத்து, கஷ்டம் நிறைந்த வேலைகளை உள்ளூர்ப் பிள்ளைகள் சீண்டுவதில்லை. அந்நியர்களைக் கூப்பிடவும் அரசுக்கு மனமில்லை. யோசித்தார்கள். 1990ல் சட்டம் மாறியது. தாத்தா ஜப்பானியரா? வாருங்கள், எந்த வேலையும் செய்யலாம். ரத்தம் ஒன்றுதானே, ஒட்டிக்கொண்டுவிடும் என்று கணக்கு.

ஒட்டவில்லை. முகம் ஜப்பான், பேச்சு போர்த்துக்கீஸ். அங்கே ஜப்பான்காரன் என்று கூப்பிடப்பட்டவன், இங்கே பிரேசில்காரன் ஆகிப்போனான். ஹமாமட்சு, ஓய்சுமி போன்ற ஊர்களின் கார், எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் வேலை. பலருக்குச் சம்பளமும் வீடும் கான்ட்ராக்டர் கையில். பிள்ளைகளுக்கோ கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்தாது; அது ஜப்பானியக் குடிமக்களுக்கு மட்டும். ஆனாலும் வந்தார்கள். 2007ல் ஜப்பானில் இருந்த பிரேசிலியர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல்.

2008ல் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. ஜப்பானின் ஏற்றுமதி படுத்தது. முதலில் நீக்கப்பட்டது கான்ட்ராக்ட் ஆட்கள். வேலையோடு வீடும் போச்சு. அப்போதுதான் அந்த மூன்று லட்சம் யென். சுமார் இருபதாயிரம் பேர் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினார்கள். தடை தளர 2013 ஆனது. அப்போதும், கையில் வேலை ஒப்பந்தம் இருந்தால்தான்.

1990ல் உறவுக்காரன் என்று கூப்பிட்டார்கள். 1993ல் பயிற்சிக்கு வருகிறவன் என்று இன்னொரு திட்டம் போட்டார்கள். வந்தவன் செய்தது என்னவோ தொழிலாளி வேலைதான். ஆள் போதவில்லை, வேலைக்கே வாருங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லி விசா கொடுக்க ஜப்பானுக்கு 2019 வரை பிடித்தது.

உறவு என்று சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வசதி. கூலிக்காரனுக்குத் தரவேண்டிய உரிமைகளைப் பற்றி யாரும் பேசவேண்டியதில்லை.