நனைந்தால் என்ன?

மழைக்குப் பயந்தவன் குடை பிடிப்பான். கடலுக்குள்ளேயே இறங்குகிறவன் என்ன செய்வான்?

ரொம்ப நாளாக அவனும் ஒரு குடையைத்தான் தேடிக்கொண்டிருந்தான். தலை முதல் கால் வரை போர்த்திக்கொள்ள ஒரு ரப்பர் குடை.

காரணம், குளிர். தண்ணீர் நம் உடம்புச் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்திவிடும். 15 டிகிரி காற்றில் ஒரு ஸ்வெட்டரோடு வாக்கிங் போய்விட்டு வரலாம். அதே 15 டிகிரி தண்ணீரில் கொஞ்ச நேரம் இருந்தால் முதலில் விரல்கள் பேச்சுக் கேட்காது. அப்புறம் மூளை.

இரண்டாம் உலகப் போரில் இது உயிர்ப் பிரச்னையானது. 1942-ல் பிரிட்டிஷ் கடற்படையிடம் 'சாரியட்' என்றொரு மனித டார்பிடோ இருந்தது. இரண்டு பேர் குதிரை மேல் உட்காருவதுபோல் அதன்மேல் உட்கார்ந்து, தண்ணீருக்கடியிலேயே எதிரிக் கப்பல்வரை போய், வெடிகுண்டைப் பொருத்திவிட்டுத் திரும்ப வேண்டும். போகவேண்டிய இடமோ நார்வே பக்கத்துக் கடல்!

அவர்களுக்குக் கொடுத்த உடையின் பெயர் ஸ்லேடன் சூட். உள்ளே கம்பளி, வெளியே தண்ணீர் புகாத ரப்பர் துணி. வீரர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் வேறு. 'பிசுபிசுத்த சாவு'. இந்த வகை உடையில் எங்காவது ஒரு சின்னக் கிழிசல் விழுந்தால் போச்சு. கம்பளி ஊறிவிடும். அதற்குப்பிறகு அது உடையில்லை, சுமை.

போர் முடிந்தது. குளிர் முடியவில்லை.

இங்கேதான் ஹ்யூ பிராட்னர் வருகிறார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இயற்பியலாளர். போர்க்காலத்தில் லாஸ் அலமாஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர். முக்குளிப்பதில் ஆசை உள்ளவர். கடற்படையின் நீச்சல் வீரர்களுக்கு என்ன செய்யலாம் என்கிற ஆலோசனையில் அவரும் இருந்தார்.

எல்லோரும் 'எப்படி நனையாமல் இருப்பது?' என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அவர் கேள்வியையே மாற்றினார். நனைந்தால் என்ன?

கம்பளி ஏன் கதகதப்பாக இருக்கிறது? நூலுக்கு நடுவே சிக்கிய காற்றால். கம்பளி நனைந்தால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. சரி, காற்றை வெளியேறவே முடியாதபடி பூட்டிவிட்டால்? உடைக்குள் தண்ணீர் வந்தால் வரட்டுமே!

1951 ஜூனில் சக விஞ்ஞானி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இந்த யோசனை இருக்கிறது. பொருளைச் சொன்னவர் வில்லார்ட் பாஸ்கம் என்ற கடலியலாளர். நியோப்ரீன். டூபாண்ட் நிறுவனத்தில் 1930-ல் பிறந்த செயற்கை ரப்பர். நுரைக்கவைத்தால் இட்லி மாதிரி உள்ளே முழுக்கக் குமிழ்கள். ஆனால் இட்லி சாம்பாரைக் குடிக்கும், இது குடிக்காது. ஒவ்வொரு குமிழும் கதவில்லாத தனி அறை.

உடைக்குள் புகும் தண்ணீர் சூடாகி நம்மைக் காப்பாற்றுகிறது என்று இன்றைக்கும் பலர் நினைக்கிறார்கள். ம்ஹும். காப்பாற்றுவது குமிழ்தான். தண்ணீர் சும்மா உடன் இருக்கிறது.

பிராட்னர் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. கடற்படைக்கு ஆலோசனை சொல்கிறவன், அந்தப் பொருளில் லாபம் பார்க்கலாமா என்ற தயக்கம். நண்பர்களோடு தொடங்கிய சின்ன கம்பெனியும் பெரிதாக ஓடவில்லை. கடற்படையோ, இத்தனை குமிழோடு போனால் எதிரியின் சோனாரில் சிக்கிவிடுவோமோ என்று யோசித்தது.

சந்தை காத்திருக்குமா? 1952-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜாக் ஓ'நீல் என்பவர் அலைச்சறுக்கு வீரர்களுக்காகக் கடை திறந்தார். தெற்கே ரெடோண்டோ கடற்கரையில் மெய்ஸ்ட்ரெல் சகோதரர்கள் இன்னொரு கடையில் 1953-ல் இறங்கினார்கள். இரண்டு தரப்பும் வெட்சூட்டை விற்றுப் பெரிய பிராண்டுகளாக வளர்ந்தன. ஓ'நீல், பாடி க்ளோவ். முதலில் கண்டுபிடித்தது யார் என்று பல வருடங்கள் சண்டை. பின்னாளில் ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவன ஆவணங்களைத் தோண்டியபோது அந்தப் பழைய கடிதம் பதில் சொன்னது.

இந்தக் கதை தெரிந்தால் கடையில் உடை தேர்ந்தெடுப்பதும் சுலபம். 24 டிகிரிக்கு மேல் 3 மில்லிமீட்டர் கனம் பலருக்குப் போதும். 18-க்கு மேல் என்றால் 5. அதற்கும் கீழே 7, கூடவே தலைக்கு உறை, கைக்குக் கையுறை. அதைவிட முக்கியம், அளவு. தொளதொள உடைக்குள் புதுத் தண்ணீர் வந்து வந்து போகும். எத்தனை மில்லிமீட்டர் போட்டும் பலனில்லை.

ஆழமும் கணக்கில் உண்டு. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல நான்கு மடங்கு. குமிழ்கள் நசுங்கி, வாங்கிய கனம் பாதிக்கும் கீழே போய்விடலாம். மிதக்கும் சக்தியும் குறையும்.

அதனால்தான் 10 டிகிரிக் கடலில் ஆழமாகப் போகிறவர்கள் மறுபடி பழைய குடைக்கே வந்திருக்கிறார்கள். ட்ரைசூட். இப்போது அதில் ஒரு வால்வு உண்டு. ஆழம் போகப்போக சிலிண்டரிலிருந்து வாயுவை உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். ஆக, அங்கேயும் காப்பாற்றுவது ரப்பர் இல்லை. சிறைப்பட்ட வாயுதான். பிராட்னர் சொன்ன அதே விஷயம்.

2008-ல், 92 வயதில் அவர் இறந்தார். வெட்சூட்டை மாட்டிக்கொண்டு கடலில் இறங்குகிறவர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. மார்பில் வேறு பெயர் அச்சாகியிருக்கிறது. வரவுப் பக்கம் காலியாக விட்டுப்போன மனிதர்.

உள்ளே கதகதப்பு மட்டும் அவருடையது.