பங்குப் பணம் கட்டலாமா? கனடா கோதுமை விவசாயிகள் சொல்லும் பதில்



போன வாரம் என் தம்பி மகன் போனில் கேட்டான்: "பெரியப்பா, ஊர்ல உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஆரம்பிக்கிறாங்க. பங்குப் பணம் கேக்கிறாங்க. கட்டலாமா?" நான் உடனே பதில் சொல்லவில்லை. கனடாவில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி முன்பு அனுப்பிய படம் நினைவுக்கு வந்தது. ரயில் பாதை ஓரம் தனியாக நிற்கும் உயரமான மரக் கட்டடம். பழைய தானியக் கிடங்கு. அதன் கதையிலேயே அவனுக்குப் பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1900-ஐ ஒட்டிய காலம். இன்று சஸ்காட்செவன் என்று சொல்லப்படும் சமவெளியில் கோதுமை நன்றாக விளைந்தது. கடலோ வெகுதூரம். ரயிலை விட்டால் வேறு வழி இல்லை. ஸ்டேஷனில் இருந்த கிடங்குகள் பெரும்பாலும் கம்பெனிகளுடையவை. அவர்கள் சொன்னதே எடை, அவர்கள் சொன்னதே தரம், விலை. நேராக வேகனில் ஏற்றிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தும் வேகன் கிடைக்காது. என் அப்பா நெல் மூட்டையோடு மண்டியில் நின்றதை நினைத்துக்கொண்டேன். தராசு என்றைக்கும் நம் கையில் இருந்ததில்லை.

விவசாயிகள் சங்கம் அமைத்தார்கள். 1902-ல் சின்டலூட்டா என்ற சிற்றூர்க்காரர்கள், வேகனை முறைப்படி ஒதுக்கவில்லை என்று ரயில்வே ஏஜென்ட் மீது வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். அதே ஊர் விவசாயி பார்ட்ரிட்ஜ், 1905-ல் வின்னிபெக் தானியச் சந்தைக்குப் போய் வியாபாரம் நடக்கும் விதத்தைக் கவனித்தார். அடுத்த ஆண்டே விவசாயிகளின் சொந்தக் கம்பெனி பிறந்தது. ஒரு பங்கு 25 டாலர். ஒருவருக்கு 4 பங்குக்கு மேல் கிடையாது. லாபத்தை, போட்ட தானியத்துக்கு ஏற்பப் பிரித்துத் தருவோம் என்றதற்காகவே அவர்களைச் சந்தையிலிருந்து வெளியேற்றினார்கள். மானிடோபா அரசு தலையிட்ட பிறகுதான் 1907-ல் மறுபடி இடம் கிடைத்தது.

1923, 24-ல் அடுத்த படி. ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன், மானிடோபா மூன்றிலும் 'கோதுமைப் பூல்' தொடங்கின. உறுப்பினர் தன் கோதுமை முழுவதையும் 5 ஆண்டு பூலுக்கே தருவதாக ஒப்பந்தம். கையில் ஒரு முன்பணம். எல்லாம் விற்ற பிறகு சராசரி விலைக்கு மீதிப் பணம். அறுவடை நேரத்தில் அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளிலேயே மேற்குக் கனடாவின் கோதுமையில் சுமார் பாதி இவர்கள் கைக்கு வந்தது.

பிறகு வந்தது 1929. அந்த ஆண்டு முன்பணம் புஷலுக்கு 1 டாலர். சந்தை விலை அதைவிட நன்றாகவே மேலே இருந்ததால் யாருக்கும் பயமில்லை. விலை சரிந்து, 1932-ல் 40 சென்டுக்கும் கீழே போனது. கொடுத்த முன்பணமே கடனாகிவிட்டது. மாகாண அரசுகள் வங்கிகளுக்கு ஜாமீன் நின்றன. 1935-ல் மத்திய அரசே கோதுமை வாரியம் அமைத்தது. சஸ்காட்செவன் பூல் அந்தக் கடனை அடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் அடைத்தார்கள்.

இவ்வளவு தாங்கியவர்கள் எங்கே தோற்றார்கள்? உறுப்பினர்களுக்கு வயதானது. அவர்கள் பங்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், புதுக் கிடங்கு கட்டவும் பணம் வேண்டும். 1996-ல் சஸ்காட்செவன் பூல் பங்குச் சந்தைக்குப் போனது. முதலில் ஓட்டுரிமை விவசாயிகளிடமே இருந்தது. விரிவாக்கக் கடன் கழுத்தை நெரிக்க, 2005-ல் அதுவும் போனது. 2007-ல் பெயரும் 'விடெர்ரா' என்று மாறியது. 2012-ல் சுவிட்சர்லாந்தின் கிளென்கோர் அதை வாங்கிக்கொண்டது.

விலை வீழ்ச்சி அதைக் கொல்லவில்லை. 'இது எங்களுடையது' என்ற நினைப்பு அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேராததுதான் கொன்றது என்பது என் எண்ணம்.

ஆகவே தம்பி மகனே, பணத்தைக் கட்டு. கட்டிவிட்டு வீட்டில் உட்காராதே. பொதுக்கூட்டத்துக்குப் போ. கணக்கைக் கேள். விலை நன்றாக இருக்கும் வருஷம் எல்லாவற்றையும் பிரித்துக்கொள்ளாமல் கொஞ்சம் சேமிப்பில் வையுங்கள். வெளி வியாபாரி மூட்டைக்குப் பத்து ரூபாய் கூடத் தருகிறேன் என்று வரும் நாளில்தான் உனக்கு உண்மையான பரீட்சை. முக்கியமாக, உன் பிள்ளையையும் ஒருநாள் அந்தக் கூட்டத்துக்கு அழைத்துப் போ.

உங்கள் ஊர்ச் சங்க அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்