குதிரை இல்லாட்டியும் லாயத்துக்கு இடம் விடணும்!

வீட்டுக்கடன் மேசையில் உட்கார்ந்தால் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரைபட அனுமதி என்று ஒரு கட்டு தாள் படிக்க வேண்டியிருக்கும். கடன் கேட்டு வருகிறவர்களோ கடைசிப் பக்கத்தில் கையெழுத்து எங்கே என்றுதான் பார்ப்பார்கள் :-) நடுவில் இருக்கும் நிபந்தனைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இன்று எழுத ஆசை.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே பாலோஸ் வெர்டெஸ் என்று ஒரு தீபகற்பம். 1913-ல் அங்கே சுமார் 16,000 ஏக்கரை நியூயார்க்கின் நேஷனல் சிட்டி பேங்க் தலைவர் ஃபிராங்க் வாண்டர்லிப் கூட்டாளிகளோடு சேர்ந்து வாங்கினார். (நம்ம தொழில்காரர்!) அதன் ஒரு பகுதியை 1930-களில் ஏ.இ. ஹான்சன் என்ற தோட்டக்கலை நிபுணர் குதிரைக்காரர்களுக்கான குடியிருப்பாக மாற்றினார். பெயர் ரோலிங் ஹில்ஸ். 1957-ல் அது தனி நகராட்சியும் ஆனது.

அங்கே வீடு ஒரே தளம்தான், மாடி கிடையாது. சுவர் வெள்ளை. வேலியும் வெள்ளை மரச்சட்டம். வீட்டை மாற்றிக் கட்ட நினைத்தால் முதலில் சங்கத்தின் கட்டடக் குழுவிடம் வரைபடத்தைக் காட்டவேண்டும். உங்களிடம் குதிரை இல்லாவிட்டாலும், லாயத்துக்கும் குதிரை உலவும் பட்டிக்கும் மனையில் இடம் விட்டே ஆகவேண்டும். இன்று உங்களுக்கு வேண்டாம், நாளை வாங்குகிறவருக்கு வேண்டுமே என்பது கணக்கு. ஒவ்வொருவரும் தன் லாயத்தை இடித்து நீச்சல் குளம் கட்டினால் முப்பது வருடத்தில் குதிரைப் பாதைகளும் மறைந்துவிடும்.

சரி, முதலில் வாங்கியவர் போட்ட கையெழுத்து, ஐந்தாவதாக வாங்குகிறவரை எப்படிக் கட்டுப்படுத்தும்? அதற்கு லண்டனுக்குப் போகணும். 1808-ல் டல்க் என்பவர் லெஸ்டர் சதுக்கத்துத் தோட்டத்தை விற்றபோது, அதில் கட்டடம் எழுப்பாமல் தோட்டமாகவே வைத்திருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். பல கை மாறி அது மாக்ஸ்ஹே என்பவரிடம் வந்தது. அவருடைய பத்திரத்தில் அந்த வாசகம் இல்லை, ஆனால் விஷயம் அவருக்குத் தெரியும். 1848-ல் நீதிமன்றம், தெரிந்து வாங்கினவரை நிபந்தனை கட்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அமெரிக்க நீதிமன்றங்களும் இந்தக் கொள்கையைப் பின்பற்றின. நம் 1882-ம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தின் 40-வது பிரிவிலும் இதே கருத்து இருக்கிறது.

தோட்டத்தைக் காப்பாற்றிய அதே கயிறு ஆட்களையும் கட்டியது. அதே தீபகற்பத்தில், 1923-ல் பாலோஸ் வெர்டெஸ் மனைகளுக்குப் போட்ட நிபந்தனைகளில் வெள்ளையரல்லாதார் குடியிருக்கக் கூடாது என்றும் இருந்தது. வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு! வேலி உயரமும் மனிதனின் நிறமும் ஒரே ஆவணத்தில்.

செயின்ட் லூயிஸ் நகரில் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் 1945-ல் வீடு வாங்கியது. 1911-ல் எழுதிய இப்படியொரு நிபந்தனையைக் காட்டி அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். 1948-ல், அதாவது லண்டன் தீர்ப்புக்குச் சரியாக 100 வருடம் கழித்து, அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. 1968-ல் வந்த சட்டம் வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டையே தடை செய்தது. வெள்ளை வேலி நின்றது, வெள்ளைத் தோல் விதி போனது.

நம் நாட்டில் கதை வேறு. அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்று, பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று வைத்த விதி செல்லும் என 2005-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "மீன் சமைப்பீங்களா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வீடு தேடிய நம்மவர்களுக்கு இதன் கனம் புரியும்.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பால்கனியை அடைத்து அறையாக்குகிறவரைத் தடுக்க விதி வேண்டும்தான். ஆனால் சங்கத்தில் அடுத்த முறை ஒரு தீர்மானம் வந்தால், கை தூக்குவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள். இது இடத்தைக் காக்கிறதா, ஆளை ஒதுக்குகிறதா? ஏனென்றால் நாம் வீட்டை விற்றுவிட்டு ஊர் திரும்பிய பிறகும் அந்த விதி அங்கேயே இருக்கும்.