குறுக்கே கடப்பவருக்கான விளக்கு

வீதிச் சமிக்ஞை விளக்கு வாகனங்களுக்காகவே பிறந்தது என்று பலரும் நம்புகிறோம். ஆனால் 1868 டிசம்பரில் லண்டன் பாராளுமன்றத்தின் முன்னால் நடப்பட்ட முதல் விளக்கு, குதிரை வண்டிகளுக்கு நடுவே நடந்து கடப்பவர்களைக் காப்பாற்றவே வந்தது. அதை உருவாக்கிய ஜே. பி. நைட் ரயில்வே பொறியியலாளர். சிவப்பும் பச்சையும் தண்டவாளத்திலிருந்துதான் தெருவுக்கு இறங்கின. வாயுவில் எரிந்த அந்த விளக்கு அடுத்த மாதமே வெடித்து, அதை இயக்கிய பொலிஸ்காரரைக் காயப்படுத்தியது. பிறகு 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மின்விளக்கு வந்தபோது சந்திகளில் மோட்டார் வண்டிகளின் நெரிசல்தான் பெரிய கவலையாகியிருந்தது. நடப்பவர் இரண்டாம் இடத்துக்குப் போனார்.

அந்த வரிசை நமது ஊர்களுக்குப் பொருந்தாது. இலங்கையின் கிழக்கில், ரயில் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுவதால், அதற்குத் தெற்கே உள்ள நமது கரைக்குப் பெரும்பாலானவை ஏ4 வீதி வழியாகத்தான் வருகின்றன. அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று வடக்கு நோக்கிப் போகும் அந்த வீதியின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். வாகனம் தெற்கு வடக்காக ஓடுகிறது; ஊரோ கிழக்கு மேற்காக நடக்கிறது. பள்ளிக்கூடம், சந்தை, கடற்கரை, பள்ளிவாசல் என்று எதற்குப் போனாலும் பலர் பிரதான வீதியைக் கடந்தாக வேண்டும். எனவே இந்த ஊர்களில் கடவைதான் வீதியின் முதல் வேலை என்பது என் வாதம். வாகனம் விரைந்து போவது அதற்கு அடுத்ததுதான்.

வீதியில் கோடு போட்ட வரிக்கடவை போதாதா என்று கேட்கலாம். பிரித்தானியாவில் வரிக்கடவை முறைப்படி அறிமுகமானது 1951இல். அங்கே 1934 முதலே கடவையின் இரு முனையிலும் அம்பர் நிற உருண்டை விளக்குக் கம்பங்கள் நின்றன. இருட்டிலும் சாரதிக்குக் கடவை தெரிந்தது. வெறும் கோடு இரவில் அந்த வேலையைச் செய்யாது. மழையில் நனைந்த தாரில் கோடே கண்ணுக்குப் படாது. அதோடு, கோட்டில் நிற்பவர் சாரதியின் மனசை நம்பி நிற்கிறார். கண் தெரியாதவருக்கு அந்த நம்பிக்கையும் கிடையாது.

அப்படியானால் விளக்கே தீர்வு என்பார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1969இல் பிரித்தானியாவில் வந்த பொத்தான் கடவையில், பச்சை மனிதன் மினுங்கினால் புதிதாக இறங்கக் கூடாது, இறங்கியவர் கடந்து முடிக்கலாம். அதே நேரம் சாரதிக்கு அம்பர் மினுங்கும். கடவையில் ஆள் இருந்தால் சாரதி நிற்க வேண்டும், இல்லையென்றால் போகலாம். இதைச் சொல்லிக் கொடுக்காமல் விளக்கை நட்டால், மினுங்கலை இரு தரப்புமே 'சீக்கிரம் போ' என்றுதான் எடுத்துக்கொள்ளும். நேரக் கணக்கும் அப்படியே. செக்கனுக்கு 1.2 மீற்றர் நடை என்பது பொறியியலாளர்கள் நெடுங்காலம் கையாண்ட அளவு. 12 மீற்றர் அகல வீதியை அந்த நடையில் 10 செக்கனில் கடக்கலாம், செக்கனுக்கு 0.8 மீற்றர் நடக்கும் ஒரு மூதாட்டிக்கு 15 செக்கன் வேண்டும். ஜும்ஆ தொழுகை முடிந்து ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் இறங்கும்போது 15 செக்கனும் போதாது. கல்முனையில் எந்த விளக்கை நட்டாலும் அதன் நேரத்தை அந்த மூதாட்டியின் நடைக்கு வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலுக்கும் பள்ளிக்கூடம் விடும் வேளைக்கும் பொலிஸ்காரரின் கை அங்கே இருந்தே ஆக வேண்டும்.