வேதாரணியத்துக்கு நடந்த நூறு பேர்

நம் பங்கின் யூபிலி மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, விழாக் குழு அமைத்த நாட்களின் சந்தடி இன்னும் நம் காதில் இருந்தது. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது, விடுபட்டவரின் மனத்தாங்கலை எப்படி ஆற்றுவது என்பதிலேயே பல மாலைப் பொழுதுகள் கழிந்தன. அப்போதுதான் நம் தொழிலாகிய உப்போடு சேர்ந்த ஒரு பழைய செய்தி நினைவுக்கு வந்தது. அது மரக்காணத்தில் நடந்ததன்று. தெற்கே வேதாரணியம் கடற்கரையில் நடந்தது. ஆயினும் அதே கடல், அதே வெயில், அதே பாத்தி.

1930 மார்ச் 12-ஆம் நாள் காந்தியடிகள் சபர்மதியிலிருந்து 78 தொண்டர்களுடன் தண்டிக்குப் புறப்பட்டதை அனைவரும் அறிவோம். உப்புக் காய்ச்சும் உரிமை அன்று சர்க்காரின் கையில் இருந்தது. கடற்கரையில் தானாக விளைந்த உப்பை அள்ளினாலும் குற்றம். அளத்தில் காலூன்றிப் பிழைக்கும் நமக்கு அந்தக் கொடுமையை விளக்க வேண்டியதில்லை.

தமிழகத்தில் அப்பணியை ஏற்றவர் இராஜாஜி. அவர் முதலில் செய்தது கூட்டம் சேர்த்ததன்று, கூட்டத்தைக் குறைத்தது. நடக்க விரும்பி முன்வந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்களிலிருந்து ஏறக்குறைய நூறு பேரையே தேர்ந்தெடுத்தார். வசை கேட்டாலும் வாய் திறவாதவர், அடி விழுந்தாலும் கை ஓங்காதவர், கிடைத்ததை உண்டு வெட்டவெளியில் உறங்கக் கூடியவர் என்று பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டியிருந்தது. விடுபட்டவர்களுக்கு வருத்தம் இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் ஒருவன் கல்லெறிந்தாலும் முழு முயற்சியும் பாழாகும் என்பதால், தாட்சணியத்துக்கு அங்கே இடமில்லை. நம் குழுவில் தாட்சணியத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்தோம் என்பது நமக்குத் தெரியும்; அதை இங்கே எழுத வேண்டாம்.

இடத்தைத் தேர்ந்த விதமும் கவனிக்கத் தக்கது. உப்பு எங்கும் விளைகிறது. வேதாரணியத்தில் உப்போடு ஒரு மனிதரும் இருந்தார். அவர் வேதரத்தினம் பிள்ளை. ஊரில் செல்வாக்கும் வசதியும் உள்ளவர், தம் சொத்தைப் பணயம் வைக்கத் துணிந்தவர். பாசறை, சோறு, தண்ணீர் எல்லாம் உள்ளூர்க்காரர் பொறுப்பில்லாமல் நடவா. பின்னாளில் அவர் சொத்து பறிமுதல் ஆயிற்று. அவரை மக்கள் 'சர்தார்' என்று அழைத்தது வெறும் முகமனுக்காக அன்று.

ஏப்ரல் 13-ஆம் நாள் திருச்சியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் அவர்களின் இல்லத்திலிருந்து அணி புறப்பட்டது. ஏறக்குறைய 150 மைல் வழி. தொண்டர்கள் வழிநெடுகத் தெருக்களைக் கூட்டினார்கள், சேரிகளுக்குச் சென்றார்கள், கதரையும் மதுவிலக்கையும் பற்றிப் பேசினார்கள். வழிநடைக்கென்றே நாமக்கல் கவிஞர் பாட்டு இயற்றித் தந்திருந்தார்.

தஞ்சை ஜில்லா கலெக்டராக இருந்த தார்ன் துரை ஒரு தந்திரம் செய்தார். நடப்பவரைத் தடுக்கவில்லை, அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவருக்குச் சிறை என்று அறிவித்தார். பட்டினி போட்டால் அணி தானே கலையும் என்பது கணக்கு. ஆனால் மக்கள் இரவோடிரவாகச் சோற்று மூட்டைகளை மரக்கிளைகளில் கட்டி வைத்து, தொண்டர்கள் எடுத்துக்கொள்ளும்படி செய்தார்கள். கும்பகோணத்தில் வெளிப்படையாகவே விருந்தளித்த பந்துலு ஐயர் சிறை சென்றார். நூறு பேர் கொண்ட குழுவுக்குப் பின்னால், பெயர் எழுதாத குழு ஒன்று இப்படி வளர்ந்தது.

ஏப்ரல் 28-இல் அணி வேதாரணியம் சேர்ந்தது. 30-ஆம் நாள் விடியலில் இராஜாஜி ஒரு சிறு பிரிவோடு அகத்தியம்பள்ளி அளத்துக்குச் சென்று உப்பை அள்ளினார், உடனே கைதானார். தலைவர் போனதும் காரியம் நின்றதா? இல்லை. கே. சந்தானம் பொறுப்பேற்றார். அவருக்குப் பின்னும் ஆள் இருந்தது. உப்பளத்தில் நாம் கடல்நீரை ஒரே பாத்தியில் காயவிடுவதில்லை. ஒன்றில் முற்றியதை அடுத்ததற்குத் திருப்புகிறோம். ஏறக்குறைய அப்படித்தான் அங்கும் பொறுப்பு கைமாறியது. உப்பைப் பற்றிய விரல்களைப் போலீசார் தடியால் அடித்துப் பிரித்தனர். விரல்கள் எளிதில் பிரியவில்லை. உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற முதல் பெண்மணி என்று போற்றப்படும் ருக்மிணி லட்சுமிபதி அவர்களும் அந்த அணியில் நின்றவரே.

உப்பு வரி 1947-இல்தான் ஒழிந்தது. அதற்கு முந்திய ஆண்டே வேதரத்தினம் பிள்ளை வேதாரணியத்தில் பெண் குழந்தைகளுக்காகக் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தைத் தொடங்கிவிட்டார்.

ஒருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. வேதாரணியத்தில் முடிதிருத்தும் தொழில் செய்துவந்த வைரப்பன், தொண்டர்களை அடிக்கும் போலீசாருக்குச் சவரம் செய்வதில்லை என்று உறுதி கொண்டிருந்தார். ஒருநாள் சாதாரண உடையில் வந்தவருக்குப் பாதி முகம் மழித்த பின்னரே அவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததாம். கத்தியை மடித்து வைத்துவிட்டார். நீதிபதி மீதியை முடிக்கச் சொல்லியும் மறுத்துச் சிறைக்குப் போனார் என்பர். இராஜாஜி தேர்ந்த நூறு பேரில் அவர் பெயர் இல்லை. வேதாரணியத்தில் அவருக்கு நினைவுத் தூண் இருக்கிறது.