டொக்யார்ட் என்னும் சொல்

திருகோணமலை மக்கள் நாளாந்தம் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் பல. அவற்றுள் நகரின் வரலாற்றையே தன்னுள் அடக்கி நிற்பது "டொக்யார்ட்" என்னும் கூட்டுச்சொல்லாகும். நகரிலே டொக்யார்ட் வீதி என ஒரு வீதி உண்டு. "டொக்யார்ட்டில் வேலை" என்று ஒருவர் கூறினால், கேட்போர் அதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. எனினும், இச்சொல்லின் இரு பகுதிகளையும் தனித்தனியே பிரித்து நோக்கினால், பெயருக்கும் பொருளுக்கும் இடையே ஒரு முரண் தோன்றும்.

முதலாவது பகுதி "டொக்" என்பது. இது ஒல்லாந்தரின் மொழியோடு உறவுடைய சொல். கடல்நீர் வற்றும் வேளையில் கப்பலொன்று சேற்றிலே படிந்து கிடக்கும் பள்ளமே இதன் பழைய பொருள். அவ்வாறு நீர் வற்றிய நேரத்தில்தான் கப்பலின் அடிப்புறத்தைத் துப்புரவு செய்யவும் பழுது பார்க்கவும் இயலும். பின்னர், கப்பல் புகுந்ததும் வாயிலை அடைத்து நீரை வெளியேற்றும் உலர்துறைக்கும் இதுவே பெயராயிற்று. இங்கிலாந்திலே, போட்ஸ்மத்தில், ஏழாம் ஹென்றி மன்னன் 1495ஆம் ஆண்டில் அத்தகைய உலர்துறை ஒன்றை அமைப்பித்தான். நீதிமன்றத்திலே குற்றஞ்சாட்டப்பட்டவர் நிற்கும் கூண்டையும் ஆங்கிலேயர் "டொக்" என்பர். ஆயின், அது கூண்டு எனப் பொருள்படும் பிறிதொரு சொல்லின் வழி வந்தது. ஒலியால் ஒன்றேயன்றி வேரால் வேறு.

இரண்டாவது பகுதியாகிய "யார்ட்" மிகப் பழைய ஆங்கிலச் சொல். வேலியிட்டு அடைத்த நிலம் என்பது அதன் பொருள். ஈழத்தமிழர் "வளவு" என்று வழங்கும் சொல் இதற்கு மிக நெருங்கியது. எனவே, கப்பலைப் பழுதுபார்க்கும் துறையும், அதனைச் சூழ அடைக்கப்பட்ட வளவும் சேர்ந்ததே டொக்யார்ட் ஆகும்.

திருகோணமலையிலே முதலில் உண்டானது வளவுதான். அதன் காரணத்தை அறியப் பருவக் காற்றை நினைவுகூர வேண்டும். வடகீழ்ப் பருவத்தில், சோழமண்டலக் கரையிலே பெருங்கப்பல்கள் அச்சமின்றித் தங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் இல்லை. அக்காலத்தில் சென்னையை அண்டி நின்ற ஆங்கிலக் கடற்படை, புயலுக்கு அஞ்சிப் பம்பாய்வரை செல்ல நேர்ந்தது. மலைகள் சூழ்ந்து ஆழம் மிக்க திருகோணமலைத் துறைமுகமோ எப்பருவத்திலும் கப்பல்களுக்குப் புகலிடமாயிருந்தது. ஆதலால் வல்லரசுகள் அதன்மேற் கண் வைத்தன. 1782ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் அதனை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியிலேயே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அதனை அவர்களிடமிருந்து கைப்பற்றினான். போர் முடிந்தபின் ஒல்லாந்தர் மீளப் பெற்றனர். 1795இல் ஆங்கிலேயர் மறுபடியும் கைப்பற்றினர்; 1802ஆம் ஆண்டின் அமியன்ஸ் உடன்படிக்கை அவர்தம் உரிமையை உறுதிசெய்தது.

அதன்பின் பண்டகசாலைகளும் பட்டறைகளும் மதிலுக்குள்ளே எழுந்தன. ஆயினும், கப்பல் கட்டும் பெருமை பம்பாய்க்கே உரியதாயிருந்தது. "திருகோணமலை" என்னும் பெயர் தாங்கிய போர்க்கப்பல் 1817ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆந் திகதி நீரில் இறக்கப்பட்டது பம்பாயிலேயே. பார்சி இனத்து வாடியா குடும்பத்தார் அதனைத் தேக்கு மரத்தாற் கட்டினர். அக்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரில் காட்சிப்பொருளாக மிதக்கின்றது.

இங்கிலாந்தின் கரைகளில் கடல் வற்றும் அளவும் பெருகும் அளவும் பெரிது. திருகோணமலையிலோ அவ்வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. கடல் தானாக வற்றிக் கப்பலைச் சேற்றிலே விட்டுச் செல்வது இங்கு நிகழாது. "டொக்" என்னும் சொல்லின் ஆதிப் பொருளுக்கு இத்துறைமுகத்தின் இயற்கையே இடந்தரவில்லை எனலாம்.

இரண்டாம் உலகப் போரில் இக்குறை பெரிதாகத் தோன்றியது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் திருகோணமலையின் பெறுமதி உயர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. ஆயினும், பெரும் போர்க்கப்பலை ஏற்றவல்ல உலர்துறை இங்கு இருக்கவில்லை. ஆகவே மிதவைத்துறை ஒன்று கொண்டுவரப்பட்டது. அதன் தொட்டிகளில் நீரை நிரப்பினால் அது தாழும். கப்பல் உட்புகுந்ததும் நீரை இறைத்தால் கப்பலையும் தூக்கிக்கொண்டு மேலெழும். 1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆந் திகதி "வேலியன்ட்" என்னும் போர்க்கப்பலை அது தூக்க முயன்றது. கப்பலில் வெடிபொருள் நிறைந்திருந்தது. கப்பலின் பாரம் எங்கெங்கு எவ்வளவு என்பதற்கேற்ப நீர் இறைக்கப்படவில்லை. மிதவைத்துறை முதுகொடிந்து மூழ்கியது. வேலியன்ட் மூழ்காது தப்பினும், அதன் உந்துவிசிறிகளும் சுக்கானும் சேதமுற்றன. பகைவர் குண்டால் அன்றி, ஒரு கணக்குப் பிழையால், வளவுக்கு வாய்த்த பெருந்துறை கடலுள் ஆழ்ந்தது.

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் திகதி கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. நாட்டின் தன்மானத்திற்கு அது நிறைவான நாள். ஆனால், பிரித்தானியக் கடற்படையை நம்பி உலையேற்றிய குடும்பங்களுக்கு அதுவே கவலை தந்த நாளுமாயிற்று. பட்டறைகளில் உழைத்தவர் பலர் தொழிலிழந்தனர். விடுதலையின் மகிழ்ச்சியும் வேலையிழப்பின் துயரமும் ஒரே வாயிலின் வழியாக வெளிவந்தன.

கொடி மாறினும் பெயர் மாறவில்லை. இன்று அவ்வளவு இலங்கைக் கடற்படையின் தளமாக விளங்குகின்றது. கொழும்பிலே "டொக்யார்ட்" என்றால் கப்பல் கட்டும் தொழிலகம். திருகோணமலையில் அதே சொல் கடற்படைத் தளத்தைக் குறிக்கும். தமிழாக்கும் ஆற்றல் இந்நகர மக்களுக்கு இல்லாமலில்லை. சைனா பே என்பதைச் சீனக்குடா என மொழிபெயர்த்தனர். ஓர்ஸ் ஹில் என்பதனை உவர்மலை எனத் தம் செவிக்கு இசைவாக்கினர். கப்பல்துறை என்னும் பெயருடைய ஊரும் இம்மாவட்டத்திலேயே உண்டு. அவ்வாறிருந்தும் டொக்யார்ட்டை மட்டும் அவர்கள் பெயர்க்கவில்லை. சீனக்குடாவும் உவர்மலையும் மக்கள் குடியிருந்து தமதாக்கிக்கொண்ட இடங்கள். டொக்யார்ட்டோ அனுமதிச் சீட்டோடு வேலைக்குச் சென்று, மாலையில் வெளியேறும் இடம். கூட்டுச்சொல்லின் முற்பகுதி கடலில் ஆழ்ந்தாலும், வேலியைக் குறிக்கும் பிற்பகுதி இன்றளவும் தன் பொருள் குன்றாது நிற்கின்றது.